ஏழாம் இலக்க வண்டியின் நான்காவது பண்டேஜ்

சிட்னியின் மேற்குப் பக்கத்தில் இருந்த ஒரு மாவட்ட அம்புலன்ஸ் சேவை, எழுபத்தாறாம் ஆண்டில், தன் வண்டிகளில் எந்த மருந்துப் பொருளும் குறையாமல் பார்த்துக்கொள்வதில் பெயர் பெற்றிருந்தது. அதற்கு அந்தச் சேவை கண்டுபிடித்திருந்த வழி எளிமையானது. எதையும் எடுக்க விடுவதில்லை.

இந்த வழியைக் காப்பாற்றும் வேலைக்குத்தான் கேதீஸ்வரன் சேர்ந்திருந்தான். யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் எட்டு வருடம் புண்ணுக்கு மருந்து கட்டியவன் அவன். இங்கே அவனுக்கு மனிதர்களைத் தொடும் வேலை இல்லை. ஏழாம் இலக்க வண்டியின் நாற்பத்திரண்டு இழுப்பறைகளையும் நிரப்பி வைப்பது, நிரப்பியதை எண்ணுவது, எண்ணியதை எழுதுவது, இவ்வளவுதான் வேலை.

திருமணமாகிப் பதினோராம் நாள் அவன் விமானம் ஏறியிருந்தான். மனைவி கமலினி யாழ்ப்பாணத்தில் இருந்தாள். ஒக்டோபர் எட்டாம் திகதி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அவன் தன் நிரந்தர வேலைக் கடிதத்தை நகரத்துக் குடிவரவு அலுவலகத்தில் கொடுத்துவிட்டால் கமலினியின் விண்ணப்பம் இந்த வருடத்து வரிசையில் சேரும். பிந்தினால் அடுத்த வருடத்து வரிசை. அந்தக் கடிதம் அவனுக்குக் கிடைப்பதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. அதே வெள்ளிக்கிழமை காலையில் நடக்கும் வருடாந்தப் பரிசோதனையில் ஏழாம் இலக்க வண்டி நூற்றுக்கு நூறு வாங்க வேண்டும்.

சரக்கறை மேலாளர் கல்யாணசுந்தரம் சென்னைக்காரர். அங்கே ஒரு பெரிய கிடங்கில் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர். சட்டைப் பையில் மூன்று நிறப் பேனாக்கள் வைத்திருப்பார். கெட்ட மனிதர் அல்ல. கேதீஸ்வரன் சேர்ந்த முதல் வாரமே வீட்டிலிருந்து மாங்காய் ஊறுகாய் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டாம் முறை கொடுப்பதற்கு முன் பழைய போத்தலைக் கேட்டார். அவருடைய மேசைக்கு மேலே ஒரு பலகை தொங்கியது. 'பழையது உள்ளே வந்தால்தான் புதியது வெளியே போகும்' என்று அதில் எழுதியிருந்தது.

இந்த விதி பிறந்த கதையை மாவட்ட அத்தியட்சகர் பிரிச்சர்ட் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார். அவர் கடற்படையில் இருந்தவர்.

"கனவான்களே, மூன்று வருடத்துக்கு முன் நம் சேவையில் நான்கு சுருள் பிளாஸ்டர் காணாமல் போயிற்று. ஒருவர் அதைத் தன் கோல்ஃப் மட்டைகளின் கைப்பிடியில் சுற்றியிருந்தார். நான் அதிர்ச்சியடைந்தேன். எல்லோருமே என்னைப் போல் நடந்துகொண்டால் இந்தச் சேவையின் கதி என்ன என்று யோசித்தேன். அன்று வந்ததுதான் இந்த விதி."

எல்லோரும் கைதட்டுவார்கள்.

கேதீஸ்வரனுடைய தகுதிகாண் காலம் முதலில் மூன்று மாதமாகத்தான் இருந்தது. அது ஆறு மாதமானதற்கு அவனேதான் காரணம். முதல் முறை காலிப் பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்தபோது கல்யாணசுந்தரம் ஒன்றைத் திறந்து பார்த்தார்.

"என்ன கேதீஸ்வரன், இதுல ஒரு பிளாஸ்டர் இருக்கே?"

"ஓம் சேர், ஒண்டை விட்டு வச்சனான். அடியோட வழிச்செடுக்கக் கூடாது எண்டு எங்கட வீட்டில சொல்லுவினம்."

"எங்க வீட்லயும்தான் சொல்லுவாங்க. அரிசிப் பானையைச் சுத்தமா வழிக்க மாட்டோம். ஆனா இது அரிசி இல்லையே. ஒண்ணு மிச்சம் இருந்தா இது காலிப் பெட்டி ஆகாது. காலிப் பெட்டி வரலன்னா புதுப் பெட்டி கிடையாது."

"அப்ப இந்த ஒண்டைப் புதுப் பெட்டிக்குள்ள போடட்டோ?"

கல்யாணசுந்தரம் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "போட்டா அதுல நூத்தியொண்ணு ஆயிடும். உபரி! குறை வந்தா மனுஷன் மறந்துட்டான்னு விட்டுடலாம். உபரி வந்தா எவனோ ஒருத்தனுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கலன்னு அர்த்தம். நான் தூங்க வேண்டாமா?"

கடைசியில் கேதீஸ்வரன் அந்தப் பிளாஸ்டரைத் தன் விரலில் ஒட்டிக்கொண்டான். 'பயன்படுத்தப்பட்டது' என்று எழுதப்பட்டது. ஆனால் அவன் நாற்பத்திரண்டு பெட்டிகளிலும் ஒவ்வொன்றை விட்டுவைத்திருந்தான். சில பெட்டிகளில் இருந்தவற்றை விரலில் ஒட்ட முடியாது. அதற்குத்தான் மேலும் மூன்று மாதம்.

விதி எல்லாருக்கும் பொதுவானது. ஒரு நாள் ஒரு தச்சுத் தொழிலாளி மரம் அறுக்கும் வாளால் கையை வெட்டிக்கொண்டான். அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்த கெவின், பயன்படுத்திய பஞ்சைப் பையில் கட்டிக்கொண்டு வந்தான். கெவின்தான் ஏழாம் இலக்க வண்டியின் அம்புலன்ஸ்காரன். சிவந்த மயிரும் பெரிய கைகளும் உள்ளவன். கல்யாணசுந்தரம் பஞ்சை நிறுத்தார்.

"நூறு கிராம் கொடுத்தோம். நூத்தியெழுபது வந்திருக்கு," என்றார் கவலையோடு. "எழுபது கிராம் எங்கிருந்து வந்தது?"

"அது அந்த மனிதனுடைய இரத்தம்," என்றான் கெவின்.

"அது நம்ம சரக்கு இல்லையே. அடுத்தவங்க சொத்தை ஏன் உள்ளே எடுத்துட்டு வர்றீங்க?"

வலி மாத்திரைகள் விஷயம் இன்னும் சிக்கலானது. விழுங்கியதைத் திருப்பிக் கேட்க முடியாது. ஆகவே நோயாளி ஒரு தாளில் கையெழுத்திட வேண்டும். 'இம்மாத்திரை இரண்டும் என்னுள் இருப்பதை இத்தால் உறுதிசெய்கிறேன்' என்பது அதன் வாசகம். கையெழுத்திட முடியாத அளவுக்கு வலி உள்ளவர்களுக்கு மாத்திரை கொடுப்பதில்லை.

முறிந்த காலுக்குக் கட்டும் மரச்சட்டங்கள்தான் கேதீஸ்வரனின் சனிக்கிழமைகளைத் தின்றன. அவை ஆறு வாரம் மனிதர்களோடு நடமாடும். அவன் முகவரிப் பட்டியலோடு ரயில் ஏறிப் போய், டூங்கபியிலும் அதற்கு அப்பாலும் உள்ள வீடுகளின் கதவைத் தட்டி, "கால் எப்படி இருக்கிறது?" என்று கேட்பான். கால் நன்றாக இருக்கிறது என்றால் மகிழ்ச்சியோடு சட்டத்தை வாங்கிக்கொள்வான். ஒரு ஆள் சட்டத்தோடேயே மெல்பேர்னுக்குக் குடிபோய்விட்டான். மெல்பேர்னில் இருந்த இதே மாதிரி ஒரு சேவைக்குக் கடிதம் எழுதினார்கள். 'தங்கள் சட்டம் எங்கள் எல்லைக்குள் நொண்டி நடப்பதைக் கண்டோம். ஆயினும் அதைக் கைப்பற்ற எமக்கு அதிகாரமில்லை' என்று பதில் வந்தது. கல்யாணசுந்தரம் அந்தப் பதிலைச் சட்டம் இருக்க வேண்டிய இழுப்பறைக்குள் வைத்தார்.

இதற்கெல்லாம் அம்புலன்ஸ்காரர்கள் தங்களுக்குள் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒவ்வொருவனும் சொந்தமாக ஒரு பிஸ்கட் தகரம் கொண்டுவருவான். அதற்குள் அவனே கடையில் வாங்கிய பஞ்சும் பண்டேஜும் கத்தரிக்கோலும் இருக்கும். நோயாளிகளுக்கு வைத்தியம் நடந்தது அந்தத் தகரங்களிலிருந்துதான். வண்டியின் இழுப்பறைகள் கண்ணாடிக்குப் பின்னால் பத்திரமாக இருந்தன.

"உன் வேலை நல்ல வேலை, கெத்," என்பான் கெவின், கேதீஸ்வரனின் பெயரைச் சுருக்கி. "அரும்பொருட்காட்சிசாலையை ஓட்டிக்கொண்டு போகிறவன் நான். அதற்குக் காவலாளி நீ."

செப்டெம்பர் முடிந்து நவராத்திரியும் முடியும் நாள் வந்தது. கல்யாணசுந்தரம் சென்னைக் கிடங்கின் வழக்கப்படி ஆயுத பூசை செய்ய அனுமதி கேட்டிருந்தார். பிரிச்சர்டுக்கு ஆச்சரியம். நேரில் வந்து பார்த்தார். ஏழாம் இலக்க வண்டியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. நான்கு சக்கரங்களுக்கும் கீழே எலுமிச்சம்பழம். இழுப்பறைகளின் மேல் பூ.

"இதன் பொருள் என்ன?" என்று கேட்டார் பிரிச்சர்ட்.

"கருவிகளை வணங்குகிறோம், சார். இன்று முழுவதும் எதையும் தொட்டுப் பயன்படுத்த மாட்டோம்."

பிரிச்சர்ட் தொப்பியைக் கழற்றினார். அவருடைய கண்கள் கலங்கியிருந்ததாகக் கெவின் பிறகு சொன்னான்.

"இருபது வருடமாக நான் இந்தப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க முயன்றதை உங்கள் மதம் எப்போதோ சொல்லிவிட்டது. ஒரு கருவியை உண்மையாக மதிப்பவன் அதைத் தொடமாட்டான். நோயாளிகள் வருவார்கள், போவார்கள். சிலர் நம் வண்டியிலேயே போய்விடுவார்கள். சரக்குதான் நிலையானது. இந்தப் பண்டிகையை நாம் அடுத்த வெள்ளி வரை நீட்டிப்போம்."

கல்யாணசுந்தரத்துக்கு அதில் ஒரு நெருடல். "சார், நாளைக்குக் காலையில் எல்லாவற்றையும் எடுத்துத் தொழில் தொடங்க வேண்டும். பூசையின் மறுபாதி அதுதான்."

"அந்த மறுபாதி நமக்கு வேண்டாம்," என்றார் பிரிச்சர்ட்.

ஆகவே அந்த வாரம் ஏழாம் இலக்க வண்டி கொட்டகையில் பூவோடு நின்றது. கேதீஸ்வரன் தினமும் மூன்று முறை எண்ணினான். ஒன்றும் குறையவில்லை. நாட்காட்டியில் வெள்ளிக்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை முற்பகல், மற்ற வண்டிகள் எல்லாம் வெளியே போயிருந்த நேரத்தில் தொலைபேசி அடித்தது. ஒரு பெண் வீட்டுப் பின்வளவில் துணி காயப்போடும்போது வழுக்கி விழுந்துவிட்டாளாம். அடுத்த வீட்டுக்காரி அழைத்திருந்தாள். நின்றது ஏழாம் இலக்க வண்டி மட்டும்தான். கெவின் அதை எடுத்துக்கொண்டு போனான். அன்று பார்த்து அவனுடைய பிஸ்கட் தகரத்தில் பிஸ்கட் தவிர ஒன்றும் இல்லை.

திரும்பி வந்ததும் அவன் கேதீஸ்வரனைத் தனியாக அழைத்தான்.

"கெத், மன்னித்துக்கொள். பத்தொன்பதாம் இழுப்பறையைத் திறந்துவிட்டேன். மூன்று அங்குல கிரேப் பண்டேஜ் ஒன்று. அவளுடைய கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது."

நான்கு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருந்தன. நோயாளியின் பெயரும் விலாசமும் எழுதிக் கெவின் கொடுத்த துண்டுச் சீட்டைக் கேதீஸ்வரன் பார்த்தான். பிறகு இன்னொரு முறை பார்த்தான். மெதுவாகச் சரக்கறைக்கு நடந்தான்.

"சேர், ஒரு பண்டேஜ் வெளியில போயிட்டுது."

கல்யாணசுந்தரம் சிவப்புப் பேனாவை எடுத்தார். "பழையது எங்கே?"

"கால்ல இருக்கு."

"யார் கால்ல? பேர் சொல்லுங்க."

"திருமதி வேதவல்லி கல்யாணசுந்தரம்."

பேனா நின்றது. "விலாசம்?"

"உங்கட வீடுதான், சேர்."

கல்யாணசுந்தரம் மனைவியின் பெயரைத் தெளிவான எழுத்தில் எழுதி, கீழே கோடு போட்டார்.

"சேர், நீங்களே வீட்ட போகேக்க..."

"நானா? நான் கழட்டிட்டு வந்தா உறவுக்காரர்கிட்டேர்ந்து வாங்கினதா ஆகும். ஸ்டோர்ல உறவு பார்க்க ஆரம்பிச்சா அப்புறம் அது ஸ்டோரா இருக்காது, கல்யாண வீடாயிடும். முறைப்படி நீங்கதான் போகணும். நாளைக்கு மதியம் போங்க. அவ வீட்லதான் இருப்பா." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். "எங்கேயும் நடந்து போக முடியாதில்ல."

புதன்கிழமை மதியம் கேதீஸ்வரன் அந்த வீட்டுக் கதவைத் தட்டினான். "திறந்துதான் இருக்கு, வாங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. வேதவல்லி சோபாவில் உட்கார்ந்து, காலை ஒரு முக்காலியில் நீட்டி வைத்து, மடியில் வைத்துப் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். பெரிய கண்கள்.

"கேதீஸ்வரன்தானே? உட்காருங்க தம்பி. காலைப் பார்க்க வந்தீங்களா, பண்டேஜைப் பார்க்க வந்தீங்களா?"

"பண்டேஜை, அக்கா," என்றான் அவன். பொய் சொல்லத் தெரியவில்லை.

"நெனச்சேன். நேத்து சாயங்காலம் வந்ததுலேர்ந்து அவரும் அதையேதான் பார்த்துக்கிட்டிருக்கார். கிழிஞ்சுடாம பார்த்துக்கோங்கிறார். எடுத்துக்கோங்க. உங்க பொழப்பைக் கெடுப்பானேன்?"

அவன் முழங்காலிட்டு உட்கார்ந்து பண்டேஜைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தான். கணுக்கால் நீலமும் மஞ்சளுமாக வீங்கியிருந்தது. கெவின் அவசரத்தில் கட்டியது மேலே இறுகி, கீழே தளர்ந்து போயிருந்தது. கேதீஸ்வரன் தன்னை அறியாமல் இரண்டு விரல்களால் வீக்கத்தின் ஓரத்தை மெல்ல அழுத்திப் பார்த்தான். ஆறு மாதமாக எண்ணியது தவிர வேறொன்றும் செய்யாத கைகள் அவை.

"நோகுதோ?"

"உயிர் போகுது."

"காலைக் கீழ வைக்கக் கூடாது. இப்பிடிக் கட்டினா வீக்கம் இறங்காது, அக்கா. விரலடியில இருந்து தொடங்க வேணும்."

பேசிக்கொண்டே அவன் கட்டத் தொடங்கியிருந்தான். குதிகாலுக்கு ஒரு சுற்று, பாதத்துக்குக் குறுக்கே ஒரு சுற்று, மறுபடி குதிகால். வேதவல்லி பீன்ஸை மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாணம் ஆயிடுச்சாமே உங்களுக்கு?"

"ஓம், அக்கா. ஏழு மாசமாகுது. சேர்ந்து இருந்தது பதினொரு நாள்."

"அடப்பாவமே! கடிதாசி போடறாளா?"

"இலக்கம் போட்டு எழுதுவா. போன கிழமை நாப்பத்தொண்டு. குளிருக்கு எண்டு சுவெற்றர் ஒண்டு பின்னி அனுப்பினவ. என்ர அளவு ஞாபகமில்லையாம். என்னைப்போல ரெண்டு பேர் அதுக்குள்ள போகலாம்." அவன் சிரித்தான். "அப்பிடி எண்டாலும் போடுறனான்."

வேதவல்லி சிரிக்கவில்லை. "இந்தப் பண்டேஜ் இல்லாம போனீங்கன்னா அவர் என்ன பண்ணுவார்?"

"குறை ஒண்டு எண்டு எழுதுவார். அப்ப கடிதம் வராது. கமலினி அடுத்த வருசம்தான்."

சொல்லி முடித்தபோது முனையை மடித்து ஊசி குத்தியும் முடித்திருந்தான். அப்போதுதான் தான் செய்ததைப் பார்த்தான். அவிழ்த்துக்கொண்டு போக வந்த பண்டேஜ், அந்தக் காலில், அழகாக, உறுதியாக இருந்தது.



"அவிழ்த்துக்கோங்க தம்பி," என்றாள் வேதவல்லி மெல்ல.

"இல்லை, அக்கா. அஞ்சு நாளைக்கு அவிழ்க்கக் கூடாது," என்றான் கேதீஸ்வரன். அது எட்டு வருடம் ஆஸ்பத்திரியில் பேசிய குரல். "நான் போயிட்டு வாறன்."

வியாழக்கிழமை அவன் கடையில் ஒரு பண்டேஜ் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தான். கல்யாணசுந்தரம் அதன் ஓரத்தைத் தடவினார். சேவையின் பண்டேஜ்களின் ஓரத்தில் நீல நூல் ஓடும். இதில் இல்லை. "இது வெளிச் சரக்கு, கேதீஸ்வரன். வச்சா ஒரு குறை, ஒரு உபரி. ரெண்டு தப்பு ஆயிடும்," என்றார். அவர் முகம் வாடித்தான் இருந்தது. அன்று அவர் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பிரிச்சர்ட் வெள்ளைக் கையுறை அணிந்து வந்தார். கல்யாணசுந்தரம் பேரேட்டைப் பிடித்துக்கொண்டார். கேதீஸ்வரன் வண்டிக்குள் குனிந்து, ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து எண்ணிக்கையைச் சொன்னான். ஒன்று முதல் பதினெட்டு வரை குறையில்லை.

அந்த நேரத்தில் கொட்டகை வாசலில் கெவின் தோன்றினான். அவன் தோளைப் பிடித்து, ஒற்றைக் காலால் தத்திக்கொண்டு, பச்சைப் பட்டுப் புடவையில் வேதவல்லி வந்தாள். யாரையும் பார்க்காமல் வண்டியின் பின்படியில் ஏறி, நோயாளியைக் கிடத்தும் கட்டிலில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டாள்.

"வேதா! இங்க என்ன பண்ற? பரிசோதனை நடக்குது," என்றார் கல்யாணசுந்தரம், பல்லைக் கடித்தபடி.

"நடக்கட்டும். பத்தொன்பதாம் நம்பரைப் பாருங்க."

"கிரேப் பண்டேஜ், மூன்று அங்குலம், நான்கு," என்று கல்யாணசுந்தரம் பேரேட்டிலிருந்து படித்தார்.

"மூன்று," என்றான் கேதீஸ்வரன்.

சிவப்புப் பேனா மேலே எழுந்தது.

"எழுதாதீங்க," என்றாள் வேதவல்லி. பிறகு பிரிச்சர்டைப் பார்த்து நல்ல ஆங்கிலத்தில் பேசினாள். "ஐயா, நான்காவது இதோ என் காலில் இருக்கிறது. ஓரத்தில் நீல நூலைப் பாருங்கள். பண்டேஜ் எங்கே இருக்க வேண்டும் என்று உங்கள் விதி சொல்கிறது?"

பிரிச்சர்ட் கல்யாணசுந்தரத்தைப் பார்த்தார். கல்யாணசுந்தரம் விதிப் புத்தகத்தைத் திறந்தார். அவர் எந்த நிலையிலும் ஒரு விதியைத் தவறாகப் படிக்கக்கூடியவர் அல்ல.

"'சரக்கு முழுவதும் பரிசோதனையின்போது வண்டிக்குள் இருத்தல் வேண்டும்,'" என்று படித்தார். இன்னொரு முறை மனதுக்குள் படித்தார். அவருடைய முகத்தில் விடியல்போல் ஏதோ பரவியது. "இழுப்பறைக்குள் என்று சொல்லவில்லை, சார்."

பிரிச்சர்ட் வண்டிக்குள் தலையை நீட்டினார். கட்டிலையும் அதன்மேல் இருந்த பெண்ணையும் நெடுநேரம் பார்த்தார்.

"இது என்ன?" என்று மெல்லக் கேட்டார்.

"நோயாளி, சார்," என்றான் கெவின்.

"ஓ," என்றார் பிரிச்சர்ட். "வண்டிக்குள் வைத்து ஒருவரைப் பார்ப்பது எனக்கு இதுதான் முதல் தடவை. நன்றாகப் பொருந்துகிறார்." கையுறை அணிந்த விரலால் நீல நூலைத் தொட்டு, "நான்கு," என்றார்.

மற்ற இருபத்துமூன்று இழுப்பறைகளும் குறையில்லாமல் முடிந்தன. மரச்சட்டத்துக்குரிய இழுப்பறையில் மெல்பேர்ன் கடிதம் சட்டமாகவே எண்ணப்பட்டது. நூற்றுக்கு நூறு. பிரிச்சர்ட் கேதீஸ்வரனின் கையைக் குலுக்கினார்.

"பேரேடு எப்போது மூடப்படும்?" என்று கேட்டாள் வேதவல்லி.

"பன்னிரண்டு மணிக்கு, அம்மணி."

"அதற்கு முன் நான் இறங்கினால்?"

"குறை ஒன்று," என்றார் பிரிச்சர்ட்.

"அப்படியானால் இந்தத் தம்பியின் கடிதத்தை இங்கேயே, என் கண் முன்னால் கையெழுத்திடுங்கள்."

கடிதம் தட்டச்சு செய்து தயாராக இருந்தது. பிரிச்சர்ட் பேனாவைத் திறந்தார். கல்யாணசுந்தரம் தயங்கியபடி இருமினார்.

"கேதீஸ்வரன், பழைய கடிதம்? தற்காலிக நியமனக் கடிதம் திரும்பி வந்தாத்தான்..."

"அதைக் கமலினிக்கு அனுப்பிட்டன், சேர். விண்ணப்பத்தோட வைக்க வேணும் எண்டு கேட்டவை. அவ கொழும்பில தூதரகத்தில குடுத்திட்டா."

கல்யாணசுந்தரம் பேரேட்டைத் தாழ்த்தினார். அவர் கண்களில் உண்மையான துக்கம் இருந்தது. "அப்போ நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க? பழையது உள்ளே வராம புதுசு எப்படி வெளியே போகும்?"

வேதவல்லி நல்ல காலைக் கீழ்ப்படியில் வைத்தாள். வண்டி லேசாக அசைந்தது.

"அம்மணி, தயவுசெய்து!" என்று பிரிச்சர்ட் கத்தினார்.

"ஏங்க, இருபத்தாறு வருஷமா நானும் பார்க்கிறேன்," என்றாள் அவள் கணவனிடம், தமிழில். "என்னைத் திருப்பிக் கொடுத்தாத்தான் புதுசுன்னு எவனாவது சொல்லியிருந்தா, கொண்டுபோய் விட்டுட்டு ரசீது வாங்கியிருப்பீங்க."

"அது விதியில வராது, வேதா."

"பொழச்சேன். இப்ப யோசிச்சுப் பாருங்க. இந்தப் பண்டேஜ் டப்பாவுல இல்ல. ஆனா குறைன்னு நீங்க எழுதலையே. ஏன்?"

"அது பயன்பாட்டுல இருக்கு."

"அந்தப் பொண்ணு விண்ணப்பத்தோட கொடுத்த கடிதாசி?"

கல்யாணசுந்தரம் மூன்று பேனாக்களையும் தொட்டுப் பார்த்தார். கடைசியில் பச்சைப் பேனாவை எடுத்தார். அதை அவர் இதுவரை பயன்படுத்தி யாரும் பார்த்ததில்லை. 'பழைய கடிதம்: மனைவியின் பயன்பாட்டில் உள்ளது. குறை அல்ல' என்று எழுதி, இரண்டு முறை படித்துவிட்டு, "சரியா இருக்கு, சார்," என்றார். "பயன்பாட்டில் இருப்பது குறை ஆகாது. இது எப்படி எனக்கு இதுவரை தெரியாமல் போனது?"

பிரிச்சர்ட் கையெழுத்திட்டார். பிறகு கண்கள் பளபளக்க, அங்கேயே ஓர் உத்தரவையும் சொன்னார்.

"கனவான்களே, இது ஒரு மைல்கல். அடுத்த வருடம் முதல் எல்லா வண்டிகளிலும் பரிசோதனை நாளன்று ஒரு நோயாளி இருக்க வேண்டும். சுத்தமான நோயாளி. பரிசோதனை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம்."

பதினொன்றே முக்காலுக்குக் கேதீஸ்வரன் கடிதத்தோடு ஓடினான். வேதவல்லி பன்னிரண்டு மணி வரை வண்டிக்குள் இருக்க வேண்டியிருந்தது. கல்யாணசுந்தரம் பேரேட்டைக் கீழே வைத்துவிட்டு ஏறி, அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கால் ரொம்ப வலிக்குதா, வேதா?"

"மூணு நாள் கழிச்சுக் கேக்கறீங்க."

"கணக்கு முடியாம எப்படிக் கேக்கறது?" என்றார் அவர், குற்றவாளியைப் போல. அவருடைய கை அவள் கையைத் தேடியது. அவள் உடனே கொடுத்துவிடவில்லை.

நகரத்து அலுவலகத்தில் ஒரு இளம் பெண் கடிதத்தை வாங்கி, ஒரு முத்திரை குத்தி, ஒரு தட்டில் போட்டாள். மொத்தம் அரை நிமிடம். கேதீஸ்வரன் அங்கேயே நின்றான்.

"இன்னும் ஏதாவது வேண்டுமா?" என்று அவள் கேட்டாள்.

"நான் எதையாவது திருப்பித் தர வேண்டுமா?"

"இல்லையே," என்றாள் அவள் சிரித்துக்கொண்டு. "இது ஒன்றுக்காகத்தான் காத்திருந்தோம். மூன்று, நான்கு வாரத்தில் கொழும்பிலிருந்து உங்கள் மனைவியைக் கூப்பிடுவார்கள். டிசெம்பருக்குள் வந்துவிடலாம்."

அவன் தெருவைக் கடந்து தந்தி அலுவலகத்துக்குப் போனான். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் ஒரு படிவத்தைத் தந்தார். செய்திக்காக அதில் பன்னிரண்டு கட்டங்கள் இருந்தன, ஒரு சொல்லுக்கு ஒரு கட்டம். கேதீஸ்வரன் கமலினியின் விலாசத்தை எழுதினான். பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றான். முதல் கட்டத்தில் 'வாரும்' என்று ஆங்கில எழுத்தில் எழுதி, படிவத்தைத் தள்ளினான்.

"இன்னும் பதினொரு கட்டம் காலியாக இருக்கிறதே?" என்றார் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர்.

"ஓம்," என்றான் கேதீஸ்வரன், தமிழிலேயே. "அடியோட வழிச்செடுக்கக் கூடாது. இருக்கட்டும்."